மூடி திறந்திருந்த நொடி

பதினோரு வருடமாக அந்தக் காகித ஆலையில் தரம் பார்க்கிறவள் அவள். ஓடுகிற தாளைத் தொடாமலே அதன் விறைப்பைச் சொல்லும் லேசர் பெட்டி அவள் பொறுப்பில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி தாளை லேசாக அதிரவைக்கும். அந்த அதிர்வு என்ன வேகத்தில் பரவுகிறது என்று இன்னோர் ஒளி கண்டுபிடிக்கும். மூடியைத் திறந்தால் லேசர் தானாக அணைந்துவிடும், மறுபடி கிளம்ப இருபது நிமிடம். தூசி துடைக்க நாளுக்கு நாலு தடவை திறக்க வேண்டும். சலித்துப்போய், திறந்தாலும் லேசர் அணையாதபடி மூடியின் சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கிவைத்தாள். அடுத்த ஷிப்ட்காரிக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை துடைக்கக் குனிந்தபோது இடது கண்ணுக்குள் 'டப்'பென்று ஏதோ தெறித்தது. வலியில்லை. பார்த்த இடமெல்லாம் கறுப்பாகப் புகை மிதந்தது. டேப்பைப் பிய்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மூன்று நாள் வாய் திறக்கவில்லை. குளியலறையில் வலது கண்ணைப் பொத்தி ஷாம்பு பாட்டிலை வாசித்துப் பார்ப்பாள். எழுத்துக்குப் பக்கத்தில் ஓட்டை. வேலை போய்விடுமோ, கண் போய்விடுமோ, எது முதலில் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள்.

"என்னம்மா, மேஜைக்கும் டீ வேணுமாமா?" கணவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்குக் கண்ணு போயிடும்போல இருக்குங்க."

ஒரு மணி நேரத்தில் கண் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். "விழித்திரையில தீக்காயம். நடுவுலேர்ந்து மயிரிழை தள்ளி விழுந்திருக்கு. முழுசாப் போகாது, ஆனா அந்தப் புள்ளி இருக்கும்," என்றவர் கேட்டார்: "அந்தப் பெட்டியை வேற யாரும் திறக்கிறாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே உயிர் போய் வந்தது. தன் டேப்பை அவள் பிய்த்துவிட்டாள், ஆனால் வித்தை தெரிந்த அடுத்த ஷிப்ட்காரி புதிதாக ஒட்டியிருப்பாள். ஷிப்ட் மாறுகிற நேரம். தாழ்வாரத்தில் நின்று அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். அவசரத்தில் போன் கைநழுவிக் கீழே விழுந்தது. கணவன் எடுத்துக் கொடுத்தான்.

நாலாவது தடவை அடுத்த ஷிப்ட்காரி எடுத்தாள். "என்னக்கா, துணியும் கையுமா நிக்கிறேன்."

"மூடியைத் தொடாதே! கண்ணை மூடிக்கிட்டு அப்படியே பின்னால போ!"

பிறகு சூப்பர்வைசரை அழைத்து, டேப் ஒட்டியது தான்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். மூடிக்குப் பூட்டு வந்தது. அவள் இப்போது தாள் வெட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள், வாசிக்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.