தாணு வார்த்த துவைகல்

யுத்தத்தால் சிமெண்டு கிடைக்காத வருஷம். வலியசாலையில் ஒரு வீட்டுக் கிணற்றடிக்குத் துவைகல் வார்த்தோம். என்னோடு வேலை பார்த்த கொத்தன் தாணு, சிமெண்டைப் பாதியாகக் குறைத்து, உமிச்சாம்பலும் சுட்ட சிப்பித்தூளும் கலந்தான். மேஸ்திரி அவனை வாயாரப் புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாளே மேஸ்திரியின் கண்முன் கல்லைச் சுத்தியலால் தட்டினேன். முனை உதிர்ந்தது. “சாம்பல் சாம்பல்தானே?” என்றேன்.

“மேஸ்திரி, இது மெல்லத்தான் இறுகும் கேட்டீரா, ஒரு மாசம் நனைச்சுப் பாரும்” என்று தாணு கெஞ்சினான்.

அது எனக்கும் தெரியும். இருந்தும் உதிர்ந்த துண்டை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினேன். தாணுவுக்கு வேலை போயிற்று.

இரண்டு மழைக்காலம் கழித்து, அங்கேயே கிடந்து நனைந்த அந்தக் கல்லை உடைத்து அகற்ற என்னையே கூப்பிட்டார்கள். ஓங்கி அடித்தேன், சுத்தியல்தான் துள்ளியது.

“என்னா உறப்பு! நீருதான் வார்த்ததா?” என்றார் வீட்டை வாங்கியிருந்தவர்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போதும் பொறாமை ஆறவில்லை. வார்த்தவன் தாணு என்பதை இன்றுதான் சொல்கிறேன்.