இரண்டு முறையும் ஆகும்

பார்க்கிற ஆளையெல்லாம் சந்தேகப்படுவது என் பிறவிக் குணம் என்று என்னோடு வாழ்கிற அவன் சொல்வான். அப்படி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிக் கட்டிக்கொண்டதில் வந்தது. ஆண்களைத் தேடும் ஆண்களுக்கான ஒரு ஆப்பில் ஒருவன் பத்து நாள் இனிக்க இனிக்கப் பேசினான். கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் மண்ரோட்டுக்கு ஒரு சாயங்காலம் வரச் சொன்னான். போனேன். நான்கு பேர் நின்றிருந்தார்கள். "ஆம்பளைக்கு ஆம்பள கேக்குதா ஒனக்கு" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். முன்பல் ஒன்று போயிற்று, போனும் போயிற்று. போலீஸில் சொன்னால் நீ அங்கே எதற்குப் போனாய் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

முகங்கள் சரியாக நினைவில் இல்லை. அதுதான் தொல்லை. டீக்கடையில் எவனாவது என்னை இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பிறகு என்னவனைச் சந்தித்தபோது, அவனையும் ஆறு மாதம் நம்பவில்லை.

வேங்கிக்காலில் மாடி வீடு ஒன்றைச் சேர்ந்து பிடித்தோம். கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் கடையில் எனக்கு வேலை, பைக் ஷோரூமில் அவனுக்கு. பேச்சிலர்களுக்கு வீடு இல்லை என்று கீழ்வீட்டில் குடியிருந்த ஓனரம்மா சொன்னதும், நான் பெரியப்பா பையன், அவன் சித்தப்பா பையன் என்று அடித்துவிட்டோம். அன்றிலிருந்து அவர் காதில் விழும்போதெல்லாம் அவன் என்னை "அண்ணா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து அவன் அம்மா வந்தார். நாங்கள் சிநேகிதர்கள் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தது. வீட்டுக்காகச் சொன்ன பொய்யையும் சொல்லி வைத்திருந்தான். வேவு பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மகனுக்குப் பெண் பார்க்கிற சமயம், யாரோ எதையோ காதில் போட்டிருப்பார்கள். காலையிலேயே இன்னொரு பாயை எடுத்துவந்து முன்னறையில் விரித்து, யாரோ படுத்து எழுந்தது போலப் போர்வையைக் கசக்கிப் போட்டேன்.

படியேறும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். கையில் வறுத்த மல்லாட்டைப் பையோடு அவர். பின்னாலேயே, விருந்தாளி யார் என்று பார்க்க ஓனரம்மா. நான் வாயைத் திறந்தேன்.

"வாங்க அத்தை."

எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த சொல் அது. "எங்க அத்தை என்ன சொல்றாங்க" என்று அவனைச் சீண்டுவேன். பெண்டாட்டியின் அம்மாவை, புருஷனின் அம்மாவை அழைக்கிற சொல். அது எப்படி நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

ஓனரம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அத்தையா? சித்தப்பா பையன்னா சித்தின்னு இல்ல கூப்பிடணும்?"

வீடு போச்சு, மானம் போச்சு, இன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மறுபடி நான்கு பேர் வந்து நிற்பார்கள், இந்தத் தடவை அவனையும் சேர்த்து அடிப்பார்கள்.

அவன் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "எங்கம்மா வழியில பாத்தா இவனுக்கு நான் அத்தை மொறைங்க. ரெண்டு மொறையும் ஆவும். சின்ன வயசுலேர்ந்து அப்படியே கூப்ட்டுப் பழகிட்டான்."

"ஆவும், ஆவும். எங்கள்லயும் அப்படி இருக்குது," என்றார் ஓனரம்மா. ஒரு கை வேர்க்கடலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். நம்பினாரா, நம்பியதாகக் காட்டினாரா என்று இன்றும் தெரியாது.

அவன் அம்மா உள்ளே வந்தார். முன்னறைப் பாயைப் பார்த்தார். சுருட்டி மூலையில் சாத்தினார். சாப்பாடு முடியும்வரை அவர் முகத்தையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மாலையில் அவனுக்கு ஷோரூமிலிருந்து அழைப்பு வந்ததால் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தப் பல்லு வண்டியிலேர்ந்து விழுந்து போச்சுன்னு எம்மவன் சொன்னான். நானும் தோண்டிக் கேக்கல." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "கீழ்வூட்டுப் பொம்பள வெவரமானவ. வெளியில சித்தின்னே கூப்புடு."

வெளியில். அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மிரட்டலா, பரிதாபமா, மகனைக் காப்பாற்றச் சொன்னதா என்று தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது. பஸ் நகர்ந்தது. பக்கத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"போய்ட்டு வாங்க சித்தி," என்றேன்.