என் தங்கையின் கன்னத்தில் மஞ்சள் வட்டம்

என் மனைவியை அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் 'ஈரப்பதம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் தலைமுடியைத் தடவிப் பார்ப்பாள். முடி பொசுபொசுவென்று நின்றால், "இன்னைக்கு நூல் சரியா வராது" என்பாள். வராது.

அவள் நூற்கும் நூல் கண்ணுக்குத் தெரியாது. ஊசிமுனையில் பசைபோல ஒரு கரைசல் துளிக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அந்தத் துளியை இழுக்க, அது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாகப் பறந்துபோய் எதிரே சுழலும் உருளையில் படியும். மூன்று மணி நேரம் ஓடினால் டிஷ்யூ காகிதம் மாதிரி ஓர் ஏடு கிடைக்கும். கரைசலில் மஞ்சளிலிருந்தும் கிரீன் டீயிலிருந்தும் பிரித்த சத்தைக் கலந்திருப்பார்கள். ஏட்டை வட்டமாக வெட்டினால், பருவுக்கு ஒட்டும் பேட்ச். பதினோரு வருடமாக இதுதான் வேலை. நான் கரடியாகக் கத்தினாலும் அசையாதவள், காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் பதறிப்போவாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் என் தங்கை வந்து மாட்டினாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் வேலைக்கு மூன்று வாரத்தில் கேமரா தேர்வு. அதற்காக எங்கள் வீட்டில் தங்க வந்தாள். இரண்டு கன்னத்திலும் பரு. பருவைவிடப் பெரிய தொல்லை அவள் விரல். போனில் பேசினாலும், புத்தகம் படித்தாலும் நகம் கன்னத்தை நோண்டிக்கொண்டே இருக்கும்.

"அண்ணி, உங்க லேப்லேர்ந்து பத்து பேட்ச் எடுத்துட்டு வாங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. சோதனை இன்னும் முடியல. உன் மூஞ்சி என்ன எலியா, முயலா?"

அத்தோடு பேச்சுவார்த்தை முறிந்தது. "அண்ணா, உன் பொண்டாட்டிய அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள் தங்கை. உப்பு அவள் முழங்கையை இடித்துக்கொண்டிருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்?

நான்காம் நாள் மாலை, என் மனைவி ஒரு டப்பாவை மேசையில் வைத்தாள். உள்ளே மஞ்சள் வட்டங்கள். "காலையில மூஞ்சி கழுவிட்டு ஒட்டு. படுக்கப் போறப்ப மாத்து. நடுவுல கை பட்டுச்சோ, அப்புறம் என்கிட்ட வராத."

இரண்டு வாரத்தில் சிவப்பு அடங்கி, கன்னம் கன்னமாகத் தெரிந்தது. தங்கை வாயில் அண்ணி புராணம்தான். நானும் சமையலறையில் போய்ச் சீண்டினேன். "சட்டத்தைப் பேசினவங்க கடைசியில வளைஞ்சிட்டீங்களே?"

"யாரு வளைஞ்சா? அதுல மருந்தே கிடையாது."

சோதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மருந்து பேட்ச், மீதிப்பேருக்கு வெறும் பேட்ச். யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்பதற்காக வெறும் பேட்சிலும் மஞ்சள் சாயம் போடுவார்களாம். அதில் மிஞ்சியதை ஆய்வுக்கூடப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"நோண்டி நோண்டித்தான் அவ புண்ணாக்கிக்கறா. மேல ஒண்ணு ஒட்டியிருந்தா கை சும்மா இருக்கும்ல?"

எனக்குச் சிரிப்பில் புரையேறியது.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அந்தச் சிரிப்பு போய்விட்டது. தேர்வில் ஒரு செய்தியைத் தானே எழுதி வாசிக்க வேண்டும். தங்கை அலமாரிக் கண்ணாடி முன் நின்று கம்பீரமாக ஆரம்பித்தாள்: "முகப்பருவுக்கு முற்றுப்புள்ளி! தாவரச் சத்து கலந்த நுண்ணிழைப் பேட்ச் பதினைந்தே நாளில் குணமளிப்பதாக ஆய்வுக்கூடம் ஒன்று நிரூபித்துள்ளது. அதற்குச் சாட்சி, இதோ, என் கன்னம்."

என் மனைவி ஈரக்கையோடு அறை வாசலில் நின்றாள். நான் கண்ணைக் காட்டினேன்: நாளை ஒரு நாள் போகட்டும். இப்போது சொன்னால் இவள் தைரியம் போகும், விரல் கன்னத்துக்குப் போகும், வேலை எங்கே கிடைக்கப்போகிறது? அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்தச் செய்தி பொய்டி. நீ ஒட்டினதுல மருந்து இல்ல."

தங்கையின் விரல் மெல்ல எழுந்து கன்னத்துக்குப் போனது.

"அப்ப இத்தனை நாளா என்னை ஏமாத்தினீங்க."

"மருந்து இருக்குன்னு நான் சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல. ஏமாத்தினதுதான். தப்புதான்."

தங்கை கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். காலையில் பேட்ச் ஒட்டாமல், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனாள். என் மனைவி அன்று லேப்புக்கு லீவு போட்டாள். பதினோரு வருடத்தில், நல்ல வறண்ட நாளில் அவள் போட்ட முதல் லீவு அது. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

மாலையில் தங்கை வந்தாள். நேராக அண்ணி முன்னால் போய் நின்றாள்.

"செய்திய மாத்தி வாசிச்சேன். மருந்தே இல்லாத பேட்ச், நோண்டாத விரல், ஆறின பரு, மாட்டிக்கிட்ட அண்ணி. கேமராக்காரர்கூட சிரிச்சுட்டாரு. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழுதது போதும் அண்ணி. திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு டப்பா வேணும்."

"அதான் மருந்து இல்லன்னு தெரிஞ்சு போச்சேடி?"

தங்கை தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகத்தில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருந்தது.

"எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியலயே."