ஆடாத முள்

என் பெண்டாட்டியைப் பற்றி யார் என்ன பேசினாலும் எனக்குக் கவலையில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கவலை இருக்கிறது, வயிறு பற்றி எரிகிறது. அவள் பார்த்துக்கொண்ட, அழுத்தம் காட்டுகிற கேஜ் கெட்டுப்போய்த்தான் அவளுடைய சொந்தத் தம்பியின் முகம் வெந்தது என்று ஆலை கேன்டீனில் இன்றைக்கும் பேசுகிறார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இடையிடையே நான் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நூலுக்குச் சாயம் ஏற்றுகிற ஆலை. நான் அங்கே வெல்டர், குழாய் ஒட்டுகிறவன். அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று காட்டுகிற கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, தொட்டியில் எந்த மட்டத்தில் நிற்கிறது, நீராவி எவ்வளவு அழுத்துகிறது, எல்லாவற்றுக்கும் ஒரு மீட்டரோ கேஜோ இருக்கும். நான் ஆசை ஆசையாக ஒட்டி முடித்த ஒரு குழாயில் கேஜ் மாட்ட ஓட்டை போடச் சொல்லி வந்து நின்றாள். அதுதான் எங்கள் முதல் பேச்சு, முதல் சண்டை.

"இவ்வளவு அழகா ஒட்டியிருக்கேன், இதுல போய் ஓட்டை போடச் சொல்றியே?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாத அழகை வச்சு என்ன பண்றது?"

அந்த வாய்க்கு மயங்கித்தான் கட்டிக்கொண்டேன். ஓட்டையும் போட்டுக் கொடுத்தேன்.

ஆலையில் அவளுக்கு முள்ளுக்காரி என்று பெயர். கேஜின் கண்ணாடியை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டாமல் முள்ளைப் படிக்கமாட்டாள். எங்காவது சிக்கி நிற்கிற முள்ளாக இருந்தால் அந்தத் தட்டில் துள்ளிவிடும். வீட்டிலும் இதே பைத்தியம்தான். மொட்டைமாடித் தொட்டியை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்து, "பாதிக்கு மேல இருக்கு, துணி துவைக்கலாம்" என்பாள். எனக்குக் கோபம் தலைக்கேறினால் என் நெற்றியைத் தட்டுவாள். "முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சுங்க, கொஞ்சம் ஆவியை வெளிய விடுங்க." அந்த நேரத்தில் சிரிக்காமல் இருக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

என் மச்சினனும் எங்களோடுதான் இருக்கிறான், அதே ஆலையில்தான் வேலை. நூல் உருளைகளைச் சாயத்தண்ணீரில் அமுக்கி, கொதிநிலைக்கும் மேலே சூடேற்றி வேகவைக்கிற பெரிய இரும்புக் கலன்கள் இருக்கின்றன. வெசல் என்போம். வெந்து முடிந்ததும் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று பார்த்து மூடியைத் திறப்பது அவன் வேலை. அதனால் அவனுக்கு மூடி என்று பட்டப்பெயர். பேர்தான் மூடி, அவன் வாய்க்கு மூடியே கிடையாது. சாப்பிடும்போதும் பேசுவான், தூங்கும்போதும் பேசுவான்.

வெசலின் அழுத்தத்தை மாடியில் ஏசி அறையிலிருக்கிற திரையிலும் பார்க்கலாம். ஆனால் கீழே மூடி பக்கத்தில் நிற்கிறவனுக்கு இருப்பது ஒரே ஒரு கேஜ், அதில் ஒரே ஒரு முள். முள் சுழியில், அதாவது பூஜ்யத்தில், இருந்தால் திறக்கலாம், இல்லையென்றால் கிட்டே போகக்கூடாது. அவன் உயிர் அந்த முள்ளில்தான் இருக்கிறது. சொல்லப்போனால் அந்த முள்ளுக்காகத்தான் அக்காள் தினமும் மெனக்கெட்டாள்.

பம்பு ஓடும்போது இந்த முட்கள் நடுங்கும், அது இயற்கை. ஆனால் எங்கள் சூப்பர்வைசருக்கு அது பிடிக்காது. பளபளவென்று தேய்த்த சட்டை, பளபளவென்று தேய்த்த பேச்சு. பார்க்கிறதெல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. "என்னம்மா இது, காய்ச்சல் வந்த மாதிரி எல்லா முள்ளும் ஆடுது?" என்று இவளிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். "எண்ணெய் நிரப்பின கேஜ் வாங்கிக் கொடுங்க சார், ஆடாது" என்று இவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கலாம் என்பார். அந்தப் பார்க்கலாம் எந்தக் காலத்திலும் பார்த்ததாக ஆகவில்லை.

ஒரு நாள் நூல் வாங்குகிறவர்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை நான் மேலே குழாய்களைத் தாங்குகிற இரும்புப் பாலத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். வெசல்கள் எல்லாம் காலியாக, ஆறிப்போய்க் கிடந்தன. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் போய்க் கேஜுக்குக் கீழே இருக்கிற சின்ன வால்வைத் திருகி மூடிக்கொண்டு வந்தார். அதை மூடிவிட்டால் வெசலுக்கும் கேஜுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே எரிமலை வெடித்தாலும் முள் சுழியிலேயே சமர்த்தாக நிற்கும். அடப்பாவி, எண்ணெய்க்குப் பதில் இவர் கண்டுபிடித்த வைத்தியம் இது!

"சார், முள்ளுக்காரிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மேலிருந்து கத்தினேன். அவள் அன்று ஆலையின் மறுகோடியில், கழிவுநீர் ஓட்டத்தை அளக்கிற மீட்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க வந்துட்டுப் போனதும் நானே திறந்துடுவேன்யா. நீ உன் நெருப்பைப் பாரு."

விருந்தாளிகள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அதற்குள் நூலேற்றிய வெசல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது முட்கள் ஏன் சுழியில் நிற்கின்றன என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் போனதும் சூப்பர்வைசர் ஓடிப்போய் வால்வுகளைத் திறந்தார். ஒன்றை மறந்துவிட்டார். என் மச்சினனுடைய வெசலை.

மதியத்துக்கு மேல் அடுத்த நூல் ஏற்ற அவசரம். "ஆறிடுச்சுடா, திற" என்று அவர்தான் சொன்னார். மச்சினன் முள்ளைப் பார்த்தான். சுழி. மூடியின் மரைகளைத் தளர்த்தினான்.

உள்ளே அடைபட்டிருந்த நீராவியும் கொதிக்கிற சாயத்தண்ணீரும் பீறிட்டு அடித்தன. தலையைத் திருப்பிக்கொண்டதால் முகத்தில் ஒரு பக்கம் தப்பியது. மறு பக்கமும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. அந்தப் பக்கத்துக் கண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து உடனே பார்க்க வேண்டும், தோல் ஒட்டவும் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆலை பொறுப்பேற்றால் அந்தச் சிகிச்சை நடக்கும். நாங்களாக முயன்றால் வீட்டை விற்றாலும் நடக்காது.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அந்த வால்வு மூடியிருந்தது என்று நான் சொன்னேன். போய்ப் பார்த்தார்கள், திறந்திருந்தது. விபத்து நடந்த களேபரத்தில் எந்தப் புண்ணியவான் திறந்தானோ! சூப்பர்வைசர் மூடியதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். "நீங்க அந்த அம்மாவோட வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டுச் சிரித்தார் விசாரணை அதிகாரி. வெல்டருக்குக் கண் இருக்கும், புருஷனுக்கு இருக்காது போல. கேஜையாவது சோதித்துப் பாருங்கள் என்று இவள் கெஞ்சினாள். அது ஏற்கனவே அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டுவிட்டது. அவர்களுக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கேஜ் தப்பா, ஆள் தப்பா? அதாவது அக்காளா, தம்பியா?

இந்த இடத்தில்தான் வெல்ஃபேர் ஆபீசர் நுழைகிறார். தொழிலாளர் நலனைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆலை வைத்திருக்கிற மகராசன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவளை ஓரமாக அழைத்துப்போய்க் குசுகுசுவென்று பேசினார். முகத்தில் அப்படியொரு அக்கறை. பிறகு வார்டுக்குள் போய் மச்சினன் கட்டிலருகே உட்கார்ந்தும் பேசினார். பாவம், நல்ல மனுஷன் என்று நானே நினைத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கையென்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, அவர் பக்கத்து நாற்காலியில் டீ குடித்தபடி சூப்பர்வைசர். இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அதிகாரி இவளைப் பார்த்து, "கேஜ் எப்படி இருந்தது?" என்றார்.

"முள்ளு சிக்கும் சார். எனக்குத் தெரியும். மாத்தாம விட்டுட்டேன்."

என் காதையே நான் நம்பவில்லை. முடியளவு பிசகிய கேஜைக்கூட ஒரு மணி நேரம் குழாயில் விட்டுவைக்காதவள்! "ஏய், என்னடி சொல்ற? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "சரி. மூடிக்காரரும் ஒத்துக்கிட்டார். கேஜைப் பாக்காமலே திறந்துட்டேன்னு. ஆக கேஜும் தப்பு, ஆளும் தப்பு. ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும்போது ஆலை என்னம்மா செய்யும்?"

இருவரையும் வேலையை விட்டு எடுத்தார்கள். சிகிச்சைக்குப் பொறுப்பில்லை என்றார்கள். நான் மேசையைக் குத்தினேன், காவலாளிகள் வந்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லிவைத்தவன் எங்கள் ஆலையில்தான் வேலை பார்த்திருப்பான்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மச்சினன் பாதி முகத்தில் கட்டோடு படுத்திருந்தான். வாய் ஓயாதவன் எங்களைப் பார்த்தும் பேசவில்லை. இவள்தான் கேட்டாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்க்கா. சுழியிலதான் நின்னுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "கேஜ் தப்புன்னு ஆயிட்டா உன்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவாங்களாம். அந்த வெல்ஃபேர் ஆபீசர் சொன்னாரு. நான் பாக்கலன்னு சொன்னா உன்னை விட்டுடுவாங்களாம். நீ என்னக்கா சொன்ன?"

அவளுக்குப் பதிலாக நான் சொன்னேன். "கேஜ் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா மாப்ள. உன் மேல தப்புன்னா உனக்கு வைத்தியம் பாக்கமாட்டாங்கன்னு அதே ஆளு இவகிட்டயும் சொல்லியிருக்கான், வர்ற வழியிலதான் எங்கிட்ட சொன்னா."

"அய்யோ அக்கா..." என்றான். கட்டு போடாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவனால் கையைத் தூக்கித் துடைக்கக்கூட முடியவில்லை. இவள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

நான் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அவள் முந்திக்கொண்டாள். ஆயுசு முழுக்க எங்கள் வீட்டில் கோபம் என் இலாகா, நிதானம் அவள் இலாகா. அன்று அவள் எழுந்து நின்றபோது உடம்பெல்லாம் நடுங்கியது. தோள்பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"ஆலைக்கு."

"அங்க இனிமே யாரு உன்னை உள்ள விடுவா?"

"வாசல்ல நிக்கிறேன். எத்தனை நாளானாலும் நிக்கிறேன். அந்த சூப்பர்வைசர் வெளிய வந்துதானே ஆகணும்." அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் குரல் உயர்ந்தது. "நான் ஒரு பொய் சொன்னேன். என் தம்பி ஒரு பொய் சொன்னான். வால்வை மூடின மனுஷன் ஒரு பொய்கூடச் சொல்லலைங்க. அவரை யாரும் ஒரு கேள்விகூடக் கேக்கல."