பக்கத்து வீட்டுச் சாக்கடை

சவாரிக்கென்று ஒரு குதிரை வாங்கி, உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் கட்டியிருந்தேன். தினமும் இரண்டு வேளை கொட்டகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. அதனால் ஒருநாள் நாற்றம் கிளம்பியதும், அது பக்கத்து வீட்டுச் சாக்கடைதான் என்று முடிவுகட்டி, அந்த வீட்டு மல்லிகா அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"சாக்கடைல இன்னா கீது, நீயே வந்து பாரு" என்றார். ஆனாலும் மூன்று நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். நாற்றம் போகவில்லை.

அதே வாரம் குதிரை பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டியது. பதறிப்போய் லாடம் அடிப்பவரை அழைத்துவந்தேன். அவர் காலைத் தூக்கிக் குளம்பின் அடிப்பிளவைச் சுரண்டினார். கறுப்பாக மசிபோல வந்தது. கூடவே அதே நாற்றம்.

"எந்நேரமும் ஈரத்துலயே நிக்க வெச்சிக்கினு கீறீங்க சார், அழுவிப் போச்சி. தரைய காய வுடுங்க. தினம் சுரண்டி மருந்து போட்டா சரியாப் பூடும்."

சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகா அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "யக்கா, நாத்தம் எங்க வூட்டுதுதான்" என்றேன். அவர் உள்ளே போய், மிச்சமிருந்த பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தார். அப்புறம்தான் சிரித்தார்.

குதிரை இப்போது நன்றாக ஓடுகிறது. காலையில் நான் குளம்பைத் தூக்கி முகரும்போதெல்லாம், "இன்னா தம்பி, இன்னிக்கு யாரு வூட்டு நாத்தம்?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும். எங்கே எது நாறினாலும், என் குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.