அத்தையின் மடிக்கு ஒரு போர்வை

ஆபீஸ் முடிந்து, கால் கடுக்கத் தையல் கடையில் நின்றிருந்தேன். மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. சின்ன வயதில், எறையூரில் அம்மாவின் புடவையில் எந்நேரமும் இந்த வாசனைதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஊராருக்கு ரவிக்கை தைத்தே அம்மா ஓய்ந்துபோயிருந்தாள். அரியலூரில் அப்பாவின் அக்காவுக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டதாகச் சேதி வந்தது. என் காதுகுத்தில் வந்த சண்டைக்குப் பிறகு ஐந்து வருடமாக அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை.

அன்றிரவே அம்மா மெஷினில் உட்கார்ந்தாள். வெட்டுத்துணிகளைச் சதுரமாக நறுக்கி இணைத்து, அடியில் அப்பாவின் பழைய வேட்டியை வைத்து, மடியை மூடும் அளவுக்கு ஒரு போர்வையை இரண்டே மணி நேரத்தில் தைத்தாள். நடுவில் வைக்க, பெட்டியிலிருந்து ஒரு பச்சைத் துணியை எடுத்தாள்.

மறுநாள் பஸ் ஏறிப் போனோம். நாற்காலியில் இருந்த அத்தையின் மடியில் அம்மா அதை விரித்தாள். அத்தையின் விரல் பச்சைத் துணியில் நின்றது.

“இது காதுகுத்துக்கு நான் எடுத்துக் குடுத்த ரவிக்கைத் துணில்ல செல்வி? ஏன் தைச்சுப் போட்டுக்கல?”

“போட்டுக்க மனசு வரல அண்ணி. தூக்கிப் போடவும் மனசு வரல.”

அத்தை அம்மாவின் வீங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒக்காரு. இன்னிக்கு நீ ஒரு வேலையும் பாக்க வேணாம்.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அம்மா அப்படியே தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

தையல்காரம்மா என் பெயரைச் சொல்லி ரவிக்கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நான் ஒருநாளும் அம்மாவை அப்படி உட்காரச் சொன்னதில்லை.