கலியம்மாளின் கழுத்துக்குக் கீழே

கலியம்மாளின் முகத்தைத் தெரியாதவர்கள் பாகூர் வட்டாரத்தில் கிடையாது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் செடல் திருவிழா வந்துவிட்டால் எந்த ஊர் மேடையிலும் அவள்தான். முத்துக்குமரனின் இன்னிசைக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடுகிறாள். உயரமும் இல்லை, நிறமும் இல்லை, நாற்பத்தொரு வயதுக்கு ஏற்ற உடம்பு. சாதாரணக் கரை வைத்த புடவை கட்டி, பாட்டு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். அவள் குரல் எடுக்கிற எடுப்பில் பஜ்ஜிக்கடை வாசலில் நிற்பவன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவளின் தலையைக் கொண்டுபோய் எவளோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பதினைந்தடி பிளெக்ஸ் பேனர். நடுநாயகமாக அவள். தலை மட்டும்தான் அவளுடையது. கழுத்துக்குக் கீழே, பளபளவென்று மின்னுகிற துக்கடா துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நிற்கிற வேறு உடம்பு. ‘கவர்ச்சிக் குயில் மஞ்சுளா பாடுகிறார், வாரீர்!’ மஞ்சுளா என்பது அவளுடைய மேடைப் பெயர். அவளுக்கு இரண்டு பக்கமும் ஆண் பாடகர்கள், கோட்டு சூட்டோடு, கழுத்து பட்டன் வரை பூட்டிக்கொண்டு. கீழே வழக்கம்போல விழாக்குழுப் பிள்ளைகள் நாற்பது பேர், கூலிங்கிளாஸ் மாட்டி வரிசையாக. அடப் பாவிகளா, அத்தனை ஆம்பளைகளில் ஒருத்தனுக்காவது ஒரு பட்டன் அவிழ்ந்திருந்ததா?

இது அவளுக்குத் தெரிந்ததே மகள் சரண்யா மூலமாகத்தான். பிளஸ் ஒன் படிக்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை மூலையில் வீசினாள்.

“இனிமே நீ பாடப் போவாதம்மா. போனேன்னா நான் ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்.”

போனை நீட்டினாள். வகுப்பு குரூப்பில் அந்தப் பேனர். கீழே வரிசை வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த புருஷன் போனில் கேட்ட முதல் கேள்வி, “நீ இன்னாடி போட்டோ குடுத்த?” முத்துக்குமரனுக்குப் போட்டால், “வுடு மஞ்சுளா, இப்பல்லாம் சகஜம். நாளைக்கிக் கச்சேரிய வெச்சிக்கினு பிரச்சன பண்ணாத” என்றான். ஆளாளுக்கு அவளையே கேட்டார்கள், அவளுக்கே புத்தி சொன்னார்கள். ஒட்டினவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

இது இன்றைக்கு ஆரம்பித்த கதையும் இல்லை. கரையாம்புத்தூரில் கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட கையோடு, ‘கலியம்மாள்னு போட்டா எவன் வருவான்?’ என்று மஞ்சுளா ஆக்கினார்கள். சும்மா இருந்தாள். சிரித்துப் பாடச் சொன்னார்கள், சிரித்தாள். இடுப்பை ஆட்டி ரெண்டு ஸ்டெப் போடச் சொன்னபோதுதான் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். “ஆடணும்னா ஆடறவளக் கூப்டு. அது அவ தொழிலு, நல்லாவும் ஆடுவா. நான் பாட்டுக்காரி.”

ஆடுகிறவர்கள் மேல் அவளுக்கு எந்த இளக்காரமும் கிடையாது. டிவியில் பெரிய பாடகிகள் குட்டைத் துணி போட்டு ஆடிப் பாடினால், இந்தக் குதி குதித்தும் இவளுக்கு மூச்சு வாங்கவில்லையே என்று வாய் பிளந்து பார்ப்பாள். அவளாக இஷ்டப்பட்டுப் போட்டுக்கொண்டது என்றால் யார் என்ன சொல்ல? கூட்டம் சேர்வதற்காக எவனோ போட்டுவிட்டது என்றால் அது அக்கிரமம் இல்லாமல் வேறென்ன?

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வில்லியனூர் பிளெக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரன் ரிஃபாத் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

“யாருப்பா இப்டிப் பண்ணச் சொன்னது?”

“விழாக்குழு சிங்காரவேலு அண்ணன்தான்க்கா. உங்க வாட்ஸ்அப் போட்டோவ அனுப்பிட்டு, புடவையோட போட்டா எடுபடாது, கும்முன்னு ஒண்ணு பண்ணுன்னாரு.”

“அந்த ஒடம்பு யாருது?”

“தெரியலக்கா. நெட்ல எடுத்தது. யாரோ வெளிநாட்டுப் பாடகி. கலர மட்டும் உங்களுக்கு மேட்ச் பண்ணேன்.”

“அவ தலைய இன்னா பண்ண?”

“டெலீட் பண்ணிட்டேன்க்கா.”

அதுவரை தனக்காக மட்டும் பொங்கிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது அந்த முகம் தெரியாதவளுக்காகவும் சேர்ந்து பொங்கியது. அவளும் எங்கோ ஒரு மேடையில் தொண்டை கிழியப் பாடினவள்தானே! ஒருத்தியோட தலை வேண்டாம், ஒருத்தியோட உடம்பு வேண்டாம், ரெண்டு பேர் பாட்டும் எவனுக்கும் வேண்டாம். நல்லா இருக்குடா உங்க நியாயம்!

“உக்காரு. இன்னொரு படம் பண்ணு” என்றாள்.

மத்தியானம் கோயில் பந்தலில் விழாக்குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் சிங்காரவேலு, ஏழெட்டு காணி நிலத்தில் கரும்பு, அதற்கேற்ற குரல். பேனரை இறக்கச் சொன்னாள்.

“இன்னாம்மா மஞ்சுளா, கூட்டம் வர வேணாமா? அழகாத்தானே இருக்குது! கோயில் காரியம், பெருசு பண்ணாத” என்றார் அவர். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“கூட்டம்தானண்ணே வேணும்? பக்கத்துல இதையும் சேத்துக் கட்டுங்க” என்று போனை நீட்டினாள்.

சிங்காரவேலுவின் முகம், மீசை, குங்குமம் எல்லாம் அப்படியே. கழுத்துக்குக் கீழே ஈரம் சொட்டுகிற ஒரு ஜட்டி விளம்பர உடம்பு. ‘கவர்ச்சிக் காளை சிங்காரவேலு அழைக்கிறார், வாரீர்!’ ரிஃபாத் கலரைக்கூட மேட்ச் பண்ணியிருந்தான்.

யாரோ ஒருத்தன் கெக்கென்று சிரித்துவிட்டான். சிங்காரவேலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஏய்! வூட்ல வயசுக்கு வந்த பொண்ணு இருக்குது எனக்கு! நாளைக்கி அது எப்டி வெளிய போவும்? யாரக் கேட்டு என் தலைய எடுத்த?”

“என் வூட்லயும் ஒரு பொண்ணு இருக்குதுண்ணே. யாரக் கேட்டு எடுத்தீங்கன்னுதான் நானும் நேத்துலேந்து கேட்டுக்கினு இருக்கேன்.”

கலியம்மாள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஒரு மணி நேரம் டைம். அது எறங்கலன்னா இது ஏறும். பிரிண்டுக்குச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.” அது பச்சைப் பொய்.

அரை மணியில் பேனர் இறங்கியது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எவன் வாயிலிருந்தும் வரவில்லை. ‘பொம்பளைக்கு இவ்ளோ திமிரு ஆவாது’ என்பதுதான் காதில் விழுந்தது. கலியம்மாள் சிங்காரவேலுவின் கண்ணெதிரிலேயே அவர் படத்தை அழித்தாள். அந்த மரியாதையை அவளுக்குச் செய்யத்தான் அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. ஸ்கூலுக்குப் போகாத சரண்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“எறக்கிட்டாங்கடி.”

“பேனர எறக்கிட்ட. எல்லார் போன்லயும் கெடக்குதே, அத எப்டி எறக்குவ?”

கலியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

“எறக்க முடியாதுடி.”

“அப்ப பாடப் போவாத.”

“நான் பாடறத நிறுத்திட்டா அது எறங்கிடுமா?”

வெளியே குழுவின் வேன் வந்து ஹார்ன் அடித்தது.

“எறங்காது” என்றாள் சரண்யா கடைசியில்.

“நிறுத்திட்டேன்னு வெச்சிக்கோ, அப்பறம் ஊருக்கு அந்தப் படம் மட்டுந்தாண்டி இருக்கும். நான் இருக்க மாட்டேன்.”

கலியம்மாள் எழுந்து புடவை மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து மகளும் எழுந்து வந்து, அம்மாவின் தோளில் முந்தானை மடிப்பைச் சரிசெய்து பின் குத்தினாள். மூஞ்சி இன்னும் உப்பித்தான் இருந்தது.

“இரு, நானும் வரேன்” என்றாள். “முன்னாடி வரிசைல உக்காரப் போறேன். எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்.”